ஆயிரம் பக்கத்தில் கொலையுண்டவருக்கு எத்தனை பக்கம்?

தோல்பட்டறை (தொரப்பாடி)
ஞாயிறு, இரவு 9.50

இரண்டு மாதமாக ஒரே புத்தகத்தோடு இருந்தேன். ராணிப்பேட்டைக்குப் போகிற கம்பெனி பஸ்ஸில் இருபது பக்கம், தூக்கம் வராத இரவுகளில் இன்னும் கொஞ்சம். முந்தாநாள் முடிந்தது. மனசு மட்டும் அங்கேயே நிற்கிறது. அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நார்மன் மெய்லரின் ‘தி எக்ஸிக்யூஷனர்ஸ் சாங்’. 1979இல் வந்தது, ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். நடந்ததை நடந்தபடி எழுதிய புத்தகம்தான், ஆனால் 1980இல் அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது புனைவுப் பிரிவில். சென்னைக்குப் போனபோது பழைய புத்தகக் கடையில் வாங்கினேன். அட்டை பிய்ந்திருந்தது, ஃபெவிகால் போட்டு ஒட்டிக்கொண்டேன்.

தெரியாதவர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கேரி கில்மோர். வயது 35. அதில் பாதிக்கு மேல் சீர்திருத்தப் பள்ளியிலும் சிறையிலும் போய்விட்டது. 1976 ஏப்ரலில் பரோலில் வெளியே வருகிறான். அமெரிக்காவில் யூட்டா மாநிலம், ப்ரோவோ என்கிற ஊர். சித்தப்பா முறையில் ஒருவர் செருப்பு ரிப்பேர் கடை வைத்திருக்கிறார், அங்கே வேலைக்குச் சேர்க்கிறார்கள். நானும் தோலோடு பிழைக்கிறவன் என்பதால் அந்தப் பக்கங்களில் ரொம்ப நேரம் நின்றேன். ஒருவனை வேலையில் உட்காரவைத்துவிட்டால் சரியாகிவிடுவான் என்று அந்தக் குடும்பம் நம்புகிறது. எங்கள் வீடுகளிலும் அப்படித்தானே நம்புகிறோம்.

சரியாகவில்லை. குடி, திருட்டு, காதலியோடு சண்டை. ஜூலை 19 ராத்திரி ஓரம் என்ற ஊரில் ஒரு பெட்ரோல் பங்க். அங்கே வேலை பார்த்த மாக்ஸ் ஜென்சன் என்ற சட்டக்கல்லூரி மாணவர், இவன் கேட்டதை எல்லாம் கொடுத்தார், படு என்றதும் படுத்தார். சுட்டுவிட்டான். மறுநாள் ராத்திரி ப்ரோவோவில் ஒரு மோட்டல். அதைக் கவனித்துக்கொண்டிருந்த பென்னி புஷ்னெல், அவரும் சொன்னபடி படுத்தார். அவரையும் சுட்டுவிட்டான். இரண்டு பேருக்கும் சின்ன வயசு, வீட்டில் கைக்குழந்தை. அக்டோபரில் மரண தண்டனை. மேல்முறையீடு வேண்டாம், தண்டனையை நிறைவேற்றுங்கள் என்று கில்மோரே கேட்கிறான். 1977 ஜனவரி 17 காலையில் துப்பாக்கியால் சுட்டு நிறைவேற்றினார்கள். அமெரிக்காவில் கிட்டத்தட்ட பத்து வருஷம் மரண தண்டனையே நடக்காமல் இருந்து, அதற்குப் பிறகு நடந்த முதல் தண்டனை அது.

இப்போது நான் சொல்ல வந்தது. ஜென்சன் பாகத்தைப் படித்த மறுநாள் காலை, வண்டிக்குப் பெட்ரோல் போட நம் சிறைத்துறை பங்க்குக்குப் போனேன். தண்டனைக் கைதிகள் வேலை செய்கிற பங்க், நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரியும். எப்போதும் அங்கேதான் போடுவேன். குழாயைக் கையில் எடுத்தவர், என்னைவிட மூத்தவர், "ஜீரோ பாத்துக்குங்க சார்" என்றார். நான் மீட்டரைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தேன். புத்தகத்தில் பெட்ரோல் போடுகிறவர் கொலையுண்டவர். இங்கே பெட்ரோல் போடுகிறவர் ஒருவேளை கொலை செய்தவராக இருக்கலாம். என்ன வழக்கு என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் கூடாது. ஆனால் ஒன்று உறைத்தது. இத்தனை வருஷத்தில் அங்கே வேலை செய்கிறவர்கள்மேல் எனக்கு ஒரு பரிவு வளர்ந்திருக்கிறது. அவர்களால் யாராவது செத்திருந்தால் அந்த ஆள் யார் என்று ஒருநாள்கூட நான் யோசித்ததில்லை.

புத்தகமும் எனக்கு அதையேதான் செய்தது. ஆயிரம் பக்கம் கில்மோரோடு நடந்தால் அவன் பல்வலிகூடத் தெரிந்துவிடுகிறது. அவன் வரைந்த படம், எழுதிய கடிதம், சிறையில் அவன் பாடியது. மெய்லர் நியாயமாகத்தான் நடந்திருக்கிறார். கொலைக்கு முன்னால் நிறுத்தி, அந்த இரண்டு இளம் தம்பதிகளின் வாழ்க்கையைச் சொல்லிவிட்டுத்தான் போகிறார். ஆனால் கதை போகிற வேகத்தில் அவர்கள் பின்னால் தங்கிவிடுகிறார்கள். கடைசி நூறு பக்கத்தில் அவன் சாவுக்கு எனக்குக் கண்ணீர் வந்தது. உடனே புத்தகத்தைத் திருப்பி ஜென்சன் வருகிற பக்கங்களைத் தேடினேன். எங்கே இருந்தது என்றே மறந்துபோயிருந்தது. அதுதான் என்னை உலுக்கியது.

இந்தப் புத்தகத்தையோ இந்த மாதிரி வேறு எதையோ படித்தவர்கள் சொல்லுங்கள். கொன்றவனை இவ்வளவு நெருக்கமாகத் தெரிந்துகொள்வது சரியா? செத்தவரை எப்படிக் கையோடு வைத்துக்கொள்வது?

—

ஆம்பூர்_படிப்பகம்
ஞாயிறு, இரவு 11.15

அண்ணா, நான் இதை 300 பக்கத்தோடு நிறுத்தியவன். வாக்கியமெல்லாம் சின்னச் சின்னதாக, ஒரு பத்தி, ஒரு இடைவெளி, இன்னொரு பத்தி. எழுத்தாளர் எங்கேயும் தலைகாட்டுவதில்லை. நல்லவன் கெட்டவன் என்று ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு அது மூச்சு முட்டியது. யாராவது ஒருத்தர் குறுக்கே வந்து "இது தப்பு" என்று சொல்லமாட்டார்களா என்று இருந்தது.

நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு மறுபடி எடுக்கத் தோன்றுகிறது. இரண்டாம் பாதி எப்படி?

—

தோல்பட்டறை (தொரப்பாடி)
திங்கள், காலை 6.20

தம்பி, இரண்டாம் பாதியைத்தான் நீ கட்டாயம் படிக்கணும். அங்கே கில்மோரைவிட அவன் கதையை வாங்க வந்தவர்கள் நிறைய. லாரன்ஸ் ஷில்லர் என்று ஒருவர், கில்மோரிடமும் சுற்றியிருப்பவர்களிடமும் காசு கொடுத்து கதையின் உரிமையை வாங்குகிறார். பிறகு மெய்லரை எழுதவைத்தவரும் அவர்தான். புத்தகம் அதை மறைக்கவில்லை. யாரிடம் என்ன பேரம், எந்தப் பத்திரிகைக்காரர் எங்கே காத்திருந்தார், எல்லாம் வருகிறது. ஒரு மனுஷன் சாகப்போகிற தேதியைச் சுற்றி ஒப்பந்தத் தாள் பறக்கிறது. நாம் கையில் வைத்திருக்கிற புத்தகம் அந்தத் தாளில் இருந்து வந்தது என்று தெரிந்தபோது எனக்குக் கை கூசியது.

இன்னொன்று. அவனை விசாரித்துத் தண்டித்தது புஷ்னெல் கொலைக்கு மட்டும். ஜென்சன் கொலை விசாரணைக்கே வரவில்லை. ஒரு தண்டனை போதும் என்று ஆகிவிட்டது. அந்தப் பையனுக்கு ஒரு தீர்ப்புக்கூடக் கிடைக்கவில்லை.

—

சத்துவாச்சாரி_வக்கீல்
திங்கள், பகல் 1.40

மதிய இடைவேளையில் எழுதுகிறேன். நான் இந்தப் புத்தகத்தைச் சட்டம் படிக்கிற காலத்தில் படித்தேன். என்னைப் பிடித்துக்கொண்டது அதில் இருக்கிற அவசரம். அமெரிக்க உச்சநீதிமன்றம் மரண தண்டனைச் சட்டங்களை மறுபடி ஏற்றுக்கொண்டது 1976 ஜூலை 2. கில்மோர் முதல் கொலை செய்தது ஜூலை 19. குற்றத்தில் இருந்து சாவு வரை ஆறு மாதம்கூட ஆகவில்லை.

நம் நாட்டில் இது நடக்காது. செஷன்ஸ் நீதிபதி தூக்கு என்று எழுதினால் அதோடு முடிவதில்லை. குற்றவாளி மேல்முறையீடு செய்தாலும் செய்யாவிட்டாலும், "என்னைத் தூக்கில் போட்டுவிடுங்கள்" என்று கெஞ்சினாலும், உயர்நீதிமன்றம் உறுதி செய்தாகவேண்டும். பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 366ஆம் பிரிவு. புதுச் சட்டத்திலும் அந்த ஏற்பாடு அப்படியே இருக்கிறது. கில்மோர் தன் உயிர் தன் இஷ்டம் என்று நின்றான், அங்கே நீதிமன்றம் கடைசியில் அதை ஏற்றுக்கொண்டது. இங்கே ஒருவனின் உயிரை அரசு எடுப்பதற்கு அவன் சம்மதம் ஒரு காரணமே இல்லை. எனக்கு நம் ஏற்பாடுதான் சரியென்று படுகிறது.

அப்புறம் ‘அரிதினும் அரிதான வழக்கு’ என்ற அளவுகோல் 1980இல் பச்சன் சிங் தீர்ப்பில் வந்தது. 2022 மே மாதம் மனோஜ் வழக்கில் உச்சநீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. தூக்கு கொடுப்பதற்கு முன்னால் அந்த ஆளின் குழந்தைப்பருவம், குடும்பம், மனநிலை, சிறையில் அவன் நடத்தை, எல்லாவற்றையும் பற்றி அறிக்கை வாங்கிப் பார்க்கவேண்டும் என்றது. மெய்லரின் ஆயிரம் பக்கம் அப்படிப்பட்ட ஓர் அறிக்கை மாதிரி. ஒரே வித்தியாசம், அது எழுதப்பட்டது அவன் செத்த பிறகு.

அதனால் தோல்பட்டறை அண்ணன் கேட்ட முதல் கேள்விக்கு என் பதில்: சரிதான். கொன்றவனைத் தெரிந்துகொள்ளாமல் கொல்ல உத்தரவு போடக்கூடாது.

—

ஆரணி_பட்டுக்கரை
திங்கள், மாலை 7.05

நான் மாறுபடுகிறேன். கோபமாகவே எழுதுகிறேன், மன்னிக்கவும்.

இதே மெய்லர் கில்மோர் புத்தகத்தை எழுதிக்கொண்டிருந்தபோது ஜாக் ஹென்றி அபட் என்ற கைதி அவருக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தான். சிறை வாழ்க்கை உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்கிறேன் என்றான். கடிதங்கள் நன்றாக இருந்தன. மெய்லர் மயங்கினார். அவனுக்கு ஆதரவாக நின்றார், அவன் புத்தகம் 1981இல் வந்தது, அவனும் வெளியே வந்தான். வந்து ஆறு வாரம்தான். நியூயார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிற பையனைக் குத்திக் கொன்றுவிட்டான். ரிச்சர்ட் அடான், வயது 22, நாடகம் எழுத ஆசைப்பட்ட பையன்.

நன்றாக எழுதத் தெரிந்த கொலைகாரனை நமக்குப் பிடித்துவிடுகிறது. அதுதான் இந்த மாதிரிப் புத்தகங்களின் ஆபத்து. சாப்பாட்டுக் கடைப் பையன் கடிதம் எழுதவில்லை, அதனால் அவனைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. வக்கீல் சார் அறிக்கை என்கிறார். அறிக்கை நீதிபதிக்குத் தேவை, ஒத்துக்கொள்கிறேன். கம்பெனி பஸ்ஸில் போகிற நமக்கு அது எதற்கு?

நம் ஊரிலும் இது நடந்ததுதான். ஆறு கொலை செய்த ஆட்டோ சங்கர் சிறையில் 300 பக்கம் தன் கதையை எழுதினான். அதை வெளியிட நக்கீரன் உச்சநீதிமன்றம் வரை போய் 1994இல் ஜெயித்தது. மறுவருஷம் ஏப்ரல் 27 சேலத்தில் அவனைத் தூக்கில் போட்டார்கள். அவன் பெயர் என் பத்தாவது படிக்கிற மகனுக்கும் தெரியும். அந்த ஆறு பேரில் ஒருவர் பெயரை இங்கே யாராவது பார்க்காமல் சொல்லுங்கள்.

—

சத்துவாச்சாரி_வக்கீல்
திங்கள், இரவு 9.30

என்னால் சொல்ல முடியவில்லை. அந்தத் தீர்ப்பை நீதிமன்றத்தில் எத்தனையோ தடவை மேற்கோள் காட்டியிருக்கிறேன். அந்தரங்க உரிமைக்கும் பத்திரிகைச் சுதந்திரத்துக்கும் அது பெரிய தீர்ப்பு. அதிகாரிகளோடு ஆட்டோ சங்கருக்கு இருந்த தொடர்பு வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் அவன் கதையை நிறுத்தப் பார்த்தார்கள் என்பது ஆசிரியர் தரப்பு வாதம். அதனால் அந்தக் கதை வெளியே வந்தது நல்லது என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனாலும் நீங்கள் கேட்ட ஆறு பெயரில் ஒன்றுகூட எனக்கு வாயில் வரவில்லை. இது எனக்கு வலிக்கிறது.

—

ஜோலார்பேட்டை_பாசஞ்சர்
செவ்வாய், காலை 8.10

ஏலகிரி எக்ஸ்பிரஸில் இருந்து எழுதுகிறேன். எனக்கு அந்தப் புத்தகத்தில் மறக்காதது கில்மோரின் அம்மா. ஆரிகானில் ஒரு டிரெய்லர் வீட்டில் மூட்டுவலியோடு முடங்கிக் கிடக்கிற கிழவி. பயணம் செய்ய முடியாது, மகனைப் பார்க்க வரமுடியாது. மகன் சாகிறேன் என்கிறான், அவள் தடை கேட்டு உச்சநீதிமன்றத்துக்கு மனுப் போடுகிறாள். 1976 டிசம்பரில் 5க்கு 4 என்று மனு தள்ளுபடி.

எங்கள் ஊர்க்காரனுக்கு இதைப் படிக்கும்போது யார் நினைவு வரும் என்று சொல்லவேண்டியதில்லை. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற பேரறிவாளனின் அம்மா அற்புதம்மாளை இதே ஸ்டேஷனில் பையோடு பார்த்திருக்கிறேன். வேலூர் ஜெயிலுக்கு மனுப் போட்டு மகனைப் பார்க்கப் போவார்கள், வருவார்கள். 2011 செப்டம்பர் 9 என்று மகனுக்குத் தேதியே குறித்துவிட்டார்கள். ஆகஸ்ட் 30 உயர்நீதிமன்றம் எட்டு வாரம் தடை போட்டது. அன்றைக்கு எங்கள் தெருவில் பட்டாசு வெடித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. 2014 பிப்ரவரியில் தூக்கு ஆயுளாகி, 2022 மே 18இல்தான் அவர் முழுதாக விடுதலை ஆனார். ஒரு அம்மா அலைந்த கணக்கு 31 வருஷம்.

—

சத்துவாச்சாரி_வக்கீல்
செவ்வாய், காலை 9.00

தம்பி, அம்மாக்களைச் சேர்த்துப் பேசலாம், வழக்குகளைச் சேர்க்கக்கூடாது. கில்மோர் தான் கொன்றதை ஒப்புக்கொண்டவன். பேரறிவாளன் கடைசி வரை தான் குற்றவாளி இல்லை என்றார். அவர் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே 2013இல், அவர் சொன்னதை முழுமையாக எழுதவில்லை என்று ஒப்புக்கொண்டார். கில்மோர் வழக்கு மாதிரி ஆறு மாதத்தில் முடித்திருந்தால் அந்தப் பேச்சு வெளியே வருவதற்கே நேரம் இருந்திருக்காது. அவசரம் கூடாது என்று நான் சொல்வது இதற்காகத்தான்.

அதே சமயம் ஆரணி அண்ணன் கேட்டதை இங்கேயும் கேட்டுக்கொள்ள வேண்டும். 1991 மே 21 ராத்திரி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியோடு செத்தவர்களில் பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர்கள் இருந்தார்கள், சின்னப் பெண் ஒருத்தி இருந்தாள். அவர்கள் வீட்டிலும் அம்மாக்கள் இருந்தார்கள்.

—

பென்ஷன்_காவலர்
செவ்வாய், மாலை 5.45

நான் சிறைத்துறையில் முதல்நிலைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவன். இங்கிலீஷ் புத்தகம் படிக்க வராது. என் பேத்தி உங்கள் பேச்சையெல்லாம் வாசித்துக் காட்டினாள், நான் சொல்லச்சொல்ல அவள்தான் தட்டுகிறாள்.

வேலூர் ஜெயில் 1830இல் கட்டியது. ராஜாஜி, காமராஜர் எல்லாம் இருந்த இடம் என்று பெருமையாகச் சொல்வார்கள். ராஜாஜி அங்கே இருந்தபோது நாட்குறிப்பு எழுதினார். உள்ளே பெரிய பட்டறைகள் உண்டு. போலீசுக்கு பூட்ஸ் தைப்பது அங்கேதான், தோல்பட்டறை தம்பிக்குத் தெரிந்திருக்கும். அந்தப் பட்டறைப் பக்கம் எனக்கு ரொம்ப வருஷம் டியூட்டி. கொஞ்ச காலம் தூக்குக் கைதிகள் பக்கமும் போட்டார்கள்.

தூக்கு நடந்து நான் பார்த்ததில்லை. அந்த மட்டும் கடவுள் என்னைக் காப்பாற்றினார். ஆனால் காத்திருக்கிறவனைப் பார்த்திருக்கிறேன். ஒருத்தன், பெயர் வேண்டாம், ராத்திரி தூங்கமாட்டான். விடிந்த பிறகுதான் தூங்குவான். ஏனப்பா என்று கேட்டேன். "காலையிலதான கூட்டிட்டுப் போவாங்க, விடிஞ்சிடுச்சின்னா இன்னிக்கு இல்ல" என்றான். அவன் தண்டனை பிறகு ஆயுளாக மாறியது. மாறிய பிறகும் ஆறேழு மாதம் அவனுக்கு அந்தத் தூக்கம்தான். அவனோடு நான் பேசியதெல்லாம் மழை வருமா, பாலாற்றில் தண்ணி வந்ததா, சாம்பாரில் உப்பு இல்லை, இவ்வளவுதான். வேறு என்ன பேசுவது.

ஆரணிக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. நான் அவன் செய்த கொலையைப் பற்றிப் பேப்பரில் படித்திருந்தேன். ஒரு கிழவியை நகைக்காகக் கொன்றிருந்தான். முதல் வாரம் அவன் தட்டைத் தள்ளும்போது எனக்குக் கை நடுங்கியது. மூன்றாவது மாதம் நடுங்கவில்லை. அந்தக் கிழவியை நான் மறந்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் கண் முன்னால் இருக்கிறவன்தான் பெரிசாகத் தெரிவான். அது மனுஷ சுபாவம்.

ஒரு நாள் அவனே சொன்னான். அந்த அம்மா கதவைத் திறந்தபோது "சாப்பிட்டியாப்பா" என்று கேட்டதாம். அவன் சொன்ன பிறகுதான் எனக்கு அந்தக் கிழவி ஒரு ஆளாகத் தெரிந்தாள். கொன்றவன் வாயில் இருந்துதான் எனக்கு அது கிடைத்தது. இதை யோசித்துப் பாருங்கள்.

—

ஆரணி_பட்டுக்கரை
செவ்வாய், இரவு 8.20

ஐயா, நேற்று நான் எழுதியதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் "சாப்பிட்டியாப்பா" என்பதைப் படித்த பிறகு என்னால் வேறு எதுவும் எழுத முடியவில்லை. பேத்திக்கு என் நன்றி.

—

தறிச்சத்தம் (குடியாத்தம்)
வியாழன், இரவு 10.30

நான் மூன்று நாளாக எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன். என் அண்ணன் கொலையானவர். 19 வருஷம் ஆகிறது. கொடுக்கல் வாங்கல் தகராறு. பேப்பரில் இரண்டு வரி வந்தது, "கைத்தறித் தொழிலாளி குத்திக்கொலை" என்று. அவ்வளவுதான். குத்தியவருக்கு ஆயுள். தண்டனை முடிந்து வெளியே வந்துவிட்டார். சந்தையில் எதிரே வந்தால் அவரும் தலையைக் குனிந்துகொள்வார், நானும் குனிந்துகொள்வேன்.

தோல்பட்டறை தம்பி எழுதியதைப் பார்த்துவிட்டு என் மகளிடம் சொன்னேன். அவள் காலேஜ் நூலகத்தில் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்துவந்தாள். முழுசும் எனக்கு வேண்டாம் என்றேன். அந்த இரண்டு வீட்டுக் கதையை மட்டும் தமிழில் சொல்லச் சொன்னேன். அவள் சொன்னாள். மோட்டல்காரர் மனைவி அதே கட்டடத்தில்தான் இருந்திருக்கிறாள். அதைக் கேட்டபோது எழுந்து போய்விட்டேன். எங்கள் அண்ணியும் வீட்டுக்குள்தான் இருந்தாள், தெருவில்தான் நடந்தது.

எனக்கு அந்தப் புத்தகத்தின்மேல் கோபம் இல்லை. யாரோ ஒரு அமெரிக்காக்காரர் ஜென்சன் வீட்டுக் கதையை உட்கார்ந்து விசாரித்து எழுதியிருக்கிறாரே, அதுவே எனக்குப் பெரிசாகத் தெரிகிறது. என் அண்ணனைப் பற்றி யாரும் எங்களிடம் வந்து கேட்டதில்லை. சாட்சிக்கூண்டில் என்னைக் கேட்டதெல்லாம் நேரம், வெளிச்சம், எவ்வளவு தூரத்தில் நின்றாய் என்பதுதான். அது அவர்கள் வேலை, தப்பு சொல்லவில்லை. ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. உங்களில் பாதிப்பேர் வந்திருப்பீர்கள். ரேணுகாவின் தலை அது. பெற்ற மகன், அப்பன் பேச்சைக் கேட்டு வெட்டிய தலை. அன்றைக்கு ஊர் மொத்தமும் அந்தத் தலைக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, தெருத்தெருவாகத் தூக்கிக்கொண்டு போகிறோம். வெட்டிய பரசுராமனை எங்கள் தெருவில் யாரும் தூக்குவதில்லை. வெட்டுப்பட்டவளைத்தான் தூக்குகிறோம். அண்ணன் போன பிறகு ஒவ்வொரு வருஷமும் சிரசு எங்கள் தெருமுனைக்கு வரும்போது எனக்கு அதுதான் தோன்றும். செத்தவரை எப்படிக் கையோடு வைத்துக்கொள்வது என்று தம்பி கேட்டாரே, எங்களுக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான்.

—

சத்துவாச்சாரி_வக்கீல்
வியாழன், இரவு 11.10

அக்கா, வணக்கம். கொலையுண்டவர் குடும்பத்துக்கு இழப்பீடு கேட்க பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் 357ஏ என்று ஒரு பிரிவு 2009 கடைசியில் அமலுக்கு வந்தது, புதுச் சட்டத்தில் அது 396ஆம் பிரிவு, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் கேட்கலாம் என்று இங்கே எழுத வந்தேன். உங்கள் அண்ணன் வழக்கு அதற்கு முந்தியது. படிக்கிற வேறு யாருக்காவது உதவும் என்று அதை மட்டும் விட்டுவைக்கிறேன். இன்று காலை ஒரு கொலை வழக்கில் ஒரு தங்கச்சியை நான் குறுக்கு விசாரணை செய்தேன். தூரம், வெளிச்சம், நேரம்தான் கேட்டேன்.

—

தோல்பட்டறை (தொரப்பாடி)
வெள்ளி, அதிகாலை 5.30

அக்கா, பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன்.

நான் கேட்கிறேன். யாரும் கேட்கவில்லை என்றீர்களே, இப்போது நான் கேட்கிறேன். பெயர் வேண்டாம், தெரு வேண்டாம், வழக்கு வேண்டாம். அண்ணன் எப்படிப்பட்டவர்? என்ன தறி? என்ன நெய்வார்? உங்களுக்கு எழுத மனசு இருந்தால் மட்டும். எத்தனை நாள் ஆனாலும் சரி.

—

ஆம்பூர்_படிப்பகம்
வெள்ளி, காலை 9.45

நானும் படிக்கக் காத்திருக்கிறேன் அக்கா. எவ்வளவு நீளமாக இருந்தாலும்.

—

தறிச்சத்தம் (குடியாத்தம்)
சனி, மாலை 4.15

குழித்தறி. அப்பா காலத்துத் தறி. கைலி நெய்வார். அவர் மிதிக்கிற சத்தம் எனக்குத் தனியாகத் தெரியும், பக்கத்து வீட்டுத் தறியைவிடக் கொஞ்சம் மெதுவாக இருக்கும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து தார் சுற்றிக் கொடுக்கணும். நூல் அறுந்தால் திட்டமாட்டார். நாக்கில் தொட்டு முடிச்சுப் போட்டுவிட்டு "போ, படி" என்பார். அவர் எட்டாவதோடு நின்றவர். நான் பன்னிரண்டாவது வரை படித்தது அவரால்.

உயரம் கம்மி. சிரசு அன்றைக்கு என்னைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு நிற்பார், எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பின்னால் இருந்து தள்ளுவார்கள். கவுண்டன்யா ஆற்றில் மணல் மேட்டில் ஏறி நின்றுதான் பார்ப்போம்.

டீயில் சர்க்கரை அதிகம் வேண்டும். மழை நாளில் பாவு ஓட்ட முடியாது, அன்றைக்கு வேலை இல்லை, அன்றைக்கு மட்டும் சாயங்காலம் வரை தூங்குவார். பாட்டு தெரியாது, ஆனால் தறியில் உட்கார்ந்தால் ஏதாவது முணுமுணுப்பார். என்ன பாட்டு என்று அண்ணிக்கும் தெரியவில்லை, கேட்டுப் பார்த்தேன். நேற்று இரண்டு பேரும் ராத்திரி ஒரு மணி வரை அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அண்ணி சில விஷயம் சொன்னாள், எனக்கே புதுசு. அதையும் எழுதுகிறேன், அவளிடம் கேட்டுவிட்டு.

தம்பி என்ன நெய்வார் என்று கேட்டீர்கள். கடைசியாகத் தறியில் இருந்தது பச்சையில் கருப்புக் கட்டம். பாதியில் நின்றதை அறுத்து எடுத்தோம். பெட்டியில் இருக்கிறது. ஓரத்தில் இழை பிரிந்திருக்கிறது, மடித்துத் தைக்கலாம் என்று மகள் சொல்கிறாள். நான் தொடவிடவில்லை.